மூவகை எழுத்து: குஸ்நெத்சோவின் ‘பாபி யார்’ பற்றிய ஓர் ஆய்வு

போரைப் பொருளாகக் கொண்டெழுந்த இலக்கியங்களை ஒருங்கு நோக்குவார்க்கு ஓர் உண்மை எளிதிற் புலனாகும். அவற்றுட் பெரும்பாலன படைவீரனையே நடுநாயகமாக வைத்துப் பாடுவன. ஓமரின் இலியத்தாயினும் நம் பரணி நூல்களாயினும் களமே மேடை. களத்துக்கு அப்பாலுள்ள ஊர் அம்மேடைக்குத் திரைச்சீலையாக வந்து போகும். படை கடந்து சென்றபின், பகைவர் கைப்பட்ட நகரிலே அடுப்பையுங் கிணற்றையும் விட்டகல இயலாது எஞ்சி நின்ற குடிமக்களின் கதை இலக்கியத்திலே தனக்குரிய இடத்தைப் பெற நெடுங்காலஞ் சென்றது. இரண்டாவது உலகப் போரே அக்கதையைப் புறக்கணிக்கவொண்ணாததாக்கிற்று எனலாம். அப்போரில் மாண்டோருட் படைவீரரினுங் குடிமக்களே மிகுதி. அவ்வகையில் எழுந்த நூல்களுள் ஒன்றாகிய அனத்தோலி குஸ்நெத்சோவின் ‘பாபி யார்’ என்பதனை ஈண்டு ஆராய எடுத்துக்கொண்டோம். ஆசிரியர் அதனை நாவல் வடிவில் அமைந்த ஆவணம் என அழைக்கிறார். ஆவணம், நாவல் என்னும் இரண்டும் ஒன்றையொன்று மறுக்குஞ் சொற்கள் போலத் தோன்றும். அவ்விரண்டையும் இணைத்த முயற்சி எவ்வளவிற்கு வெற்றி கண்டது என்பதும், அந்நூலின் ஏட்டுக்கு நேர்ந்த கதி அதன் பொருளை எவ்வாறு மாற்றிற்று என்பதுமே இக்கட்டுரையின் விசாரணையாகும்.

நூற்பொருளை விளங்கிக்கொள்ள வரலாறு சிறிது வேண்டும். உக்ரேனின் தலைநகராகிய கீவ் 1941ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆந் திகதி ஜேர்மன் படையின் கைப்பட்டது. 24ஆந் திகதி, நகரின் தலைமை வீதியாகிய கிரெஷ்சாத்திக்கிலே ஜேர்மானியர் குடிபுகுந்திருந்த கட்டடங்கள் வெடித்துச் சிதறத் தொடங்கின. பின்வாங்கிய சோவியத் தரப்பினர் முன்னரே வைத்துச் சென்ற வெடிகள் அவை. தீ பல நாள் நின்றெரிந்தது. அதற்குப் பழிவாங்குதல் என்ற போர்வையில் நகரத்து யூதரைக் கொன்றொழிக்க ஜேர்மானியர் துணிந்தனர். செப்டெம்பர் 29, 30 ஆகிய இரு நாட்களில், நகரின் ஓரத்திலுள்ள பாபி யார் என்னும் பள்ளத்தாக்கிலே 33,771 யூதர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இத்தொகை பகைவர் கட்டியுரைத்ததன்று. கொலைபுரிந்த பிரிவினரே பேர்லினுக்கு அனுப்பிய அறிக்கையிற் கண்டது. பொலிஸ் படையினரின் துணையோடு இதனை நடத்திய விசேடப் பிரிவுக்குத் தலைவனாயிருந்தவன் போல் புளோபெல் என்பவன். அவன் 1951ஆம் ஆண்டு யூன் மாதம் தூக்கிலிடப்பட்டான். அடுத்த ஈராண்டுகளில் அதே பள்ளத்தில் ஜிப்சிகள், போர்க்கைதிகள், மனநோய் மருத்துவமனை நோயாளர், உக்ரேனியத் தேசியவாதிகள், பணயமாகப் பிடிக்கப்பட்ட வழிப்போக்கர் எனப் பலரும் மாண்டனர். மொத்தத் தொகையை 70,000க்கும் 100,000க்கும் இடையில் வைப்போர் பலர்.

‘யார்’ என்னுஞ் சொல் அந்நாட்டு வழக்கிற் செங்குத்தான பள்ளத்தாக்கைக் குறிக்கும். தமிழ்ச் செவிக்கு இவ்வூர்ப்பெயர் ஒரு வினாவாக ஒலிப்பது வெறுந் தற்செயல். அதிற் பொருள் தேட வேண்டா. வகுப்பிலே இப்பெயரைச் சொன்னவுடன் மாணவர் நகைப்பர். கதையைச் சொன்னபின் நகையார்.

குஸ்நெத்சோவ் 1929ஆம் ஆண்டு கீவ் நகரிற் பிறந்தவர். தந்தை ருசியர், தாய் உக்ரேனியர், பள்ளியாசிரியை. அவர்கள் வாழ்ந்த குரெனிவ்கா என்னும் பகுதி பாபி யாருக்கு மிக அணித்தானது. அங்கிருந்து வந்த இயந்திரத் துப்பாக்கியின் ஒலி வீட்டிற் கேட்டது. அப்போது அவருக்கு வயது 12. தமது 14ஆம் வயதில், தாமே செய்துகொண்ட தடித்த கொப்பியொன்றிலே கண்டனவுங் கேட்டனவும் எழுதி வைத்தார். வீட்டைத் துப்புரவு செய்கையில் தாய் அதனைக் கண்டெடுத்து, வாசித்து அழுது, பத்திரமாக வைத்திருந்து பின்னொரு நாள் நூலாக்குமாறு சொன்னாள் என்று முன்னுரையிற் கூறுகிறார். ஆகவே நூலுக்கு அடிப்படை வளர்ந்தவர் ஒருவரின் நினைவன்று. அச்சத்தாலும் பசியாலும் வாடிய சிறுவன் அன்றன்று குறித்தது. இவ்வுண்மையே நூலின் நடைக்குத் திறவுகோல்.

சிறுவனின் கண்ணுக்கு முதலிற் படுவது ஓர் அறிவித்தல். செப்டெம்பர் 28ஆந் திகதி நகரெங்கும் சுவர்களில் ஒட்டப்பட்ட அத்தாள் ருசிய, உக்ரேனிய, ஜேர்மன் மொழிகள் மூன்றிலும் அச்சிடப்பட்டது. கீவ் நகரத்தும் அதன் சுற்றுப்புறத்தும் வாழும் யூதர் யாவரும் மறுநாள் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கல்லறைகளின் அருகே இன்ன இரு வீதிகளின் சந்திக்கு வரவேண்டும், பத்திரங்கள், பணம், விலையுயர்ந்த பொருள்கள், குளிர்கால உடைகள், உள்ளாடைகள் ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டும், வாராதவர் சுடப்படுவர், யூதர் விட்டுச்சென்ற வீடுகளிற் புகுந்து களவெடுப்போருஞ் சுடப்படுவர். இவ்வளவே செய்தி. அதன்கீழ் எவருடைய கையொப்பமும் இல்லை. குறித்த வீதிகளின் பெயர்கள் பிழையானவை. அப்பெயருடைய வீதிகள் நகரில் இல்லை. இப்பிழையை ஆசிரியர் சுட்டிச் செல்கிறார். அதன்மீது ஒரு வசையுங் கூறாது விடுகிறார். ஒரு நகரத்து மக்களிற் பெரும்பகுதியினரைக் கொல்லத் துணிந்தவர்கள் அந்நகரின் வீதிப்பெயரைச் சரிபார்க்கும் அளவுக்கேனும் அதனைப் பொருட்படுத்தவில்லை என்பதை வாசகரே உணர்ந்துகொள்வர்.

அறிவித்தலின் சொற்களை ஊன்றி நோக்குதல் வேண்டும். குளிர்கால உடை கொண்டுவருமாறு ஒருவனுக்குச் சொல்லுதல், வருங்குளிர்காலத்திலும் அவன் உயிரோடிருப்பான் என்னும் வாக்குறுதியாகும். கல்லறைகளுக்கு அப்பாற் சரக்குப் புகையிரத நிலையமும் உண்டு. ஆதலால் வேற்றிடத்துக்கு ஏற்றிச்செல்லப் போகின்றனர் என மக்கள் நம்பினர். கொலைஞனின் கருவிகளுள் முதலாவது துப்பாக்கி அன்று, உள்ளாடை என்னும் அந்த ஒரு சொல்லே என்பது நம் கருத்து.

ஈண்டு நம் புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டை நினையாதிருத்தல் அரிது. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது அது. பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியுடையோரும் புதல்வரைப் பெறாதோரும் காவலான இடத்தை அடையுமாறு முன்னரே அறிவித்து, அதன் பின்னரே அம்பு தொடுப்பவன் என்று புலவர் அவனைப் போற்றுகிறார். அதுவும் ஓர் அறிவித்தலே. ஒன்று காவலை நோக்கிப் போகச் சொல்வது. மற்றையது காவல் என்ற தோற்றத்தைக் காட்டிப் பள்ளத்தை நோக்கி வரச் சொல்வது. இவ்வொப்புமையைக் கூறுவோர் இத்துடன் நிறுத்தித் தம் முன்னோரைப் புகழ்ந்து அமைவர். அது நேர்மையாகாது. அதே தொகையின் ஏழாம் பாட்டிலே கரிகாலன் பகைவர் ஊரைச் சுட்ட தீயின் ஒளியும் அங்கெழுந்த அழுகையும் பாடப்பட்டுள்ளன. பகைவர் நாட்டை எரியூட்டுதலுக்கு உழபுல வஞ்சி என ஒரு துறையையே பின்வந்த இலக்கணகாரர் வகுத்து வைத்தனர். அத்தீயிற் பட்டவருள் ஒருவரேனும் தம் வாயாற் பேசியதாகப் பாட்டு இல்லை. எரித்தவனின் முற்றத்தில் நின்று பாடிய புலவருக்கு அக்குரல் தொலைவிற் கேட்ட இரைச்சல். குஸ்நெத்சோவின் நூலில் அந்நிலை தலைகீழாகிறது. அரசனுமில்லை, தளபதியுமில்லை, எரிந்த ஊரிலிருந்தே குரல் வருகிறது.

திங்கட்கிழமை விடியுமுன் யூதர் புறப்பட்டுச் செல்லும் காட்சியைச் சிறுவன் தெருவிலே நின்று காண்கிறான். புகையிரதத்தில் நல்ல இடம் பிடிக்கும் எண்ணத்தோடு பலர் இருளிலேயே புறப்பட்டு வருகின்றனர். போர்முனைக்குச் செல்லத்தக்க ஆடவர் முன்னமே போய்விட்டமையால் வருபவர் பெரும்பாலும் கிழவரும் நோயாளரும் பெண்டிரும் பிள்ளைகளுமே. கயிற்றாற் கட்டிய பொதிகள், பிய்ந்த பெட்டிகள், வெங்காயக் கோவைகளைப் பெரிய ஆரம்போலக் கழுத்திலே தொங்கவிட்ட கிழவியர். வழிக்கு உணவாக எடுத்துச் சென்ற வெங்காயம் அது. உயர்தர வகுப்பில் 33,771 என்னும் எண்ணைக் கரும்பலகையில் எழுதினால் மாணவர் அதனைக் கொப்பியிற் குறித்துக்கொள்வர். வெங்காயத்தைச் சொன்னால் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பர். வரலாற்று நூலுக்கும் இவ்வகை நூலுக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் சுருங்கக் கூற நம்மால் இயலாது.

சிறுவனின் குடும்பத்தாரைப் படைத்துக்காட்டிய திறமுங் கருதத்தக்கது. பாட்டனார் சோவியத் ஆட்சியை மனமார வெறுப்பவர். ஜேர்மானியர் வருகையை நற்காலமாக எண்ணி வரவேற்பவர். அவர் கொடியவர் அல்லர். வறுமையில் உழன்று, தேடிய சிறுபொருளையும் இழந்து கசந்தவர். அவருடைய நம்பிக்கை சிறிது சிறிதாகச் சிதைவதே நூலின் இழைகளுள் ஒன்று. பாட்டி பக்தியுடையவள். தாய் நூல்களை நேசிப்பவள். புதிய ஆட்சியை ஒருகணமும் நம்பாதவள். ஒரே கூரையின்கீழ் இம்மூவரும் மூன்று விதமாக உலகை நோக்க, அவர்களிடையே பூனையோடு விளையாடும் பிள்ளை எல்லாவற்றையுங் கேட்டுக்கொண்டிருக்கிறான். கைப்பட்ட நகரின் மக்கள் யாவரும் ஒரே மனத்தினராய் எதிர்த்து நின்றனர் எனக் காட்டும் நூல்கள் பல. அவை ஆட்சியாளருக்கு உவப்பானவை. இந்நூல் அவ்வாறு காட்டவில்லை.

ஆசிரியர் கையாண்ட உத்திகளுள் மிகச் சிறந்தது, தாம் எத்தனை முறை சுடப்பட்டிருத்தல் வேண்டும் எனச் சிறுவன் கணக்கிடும் பகுதி. ஆக்கிரமிப்பாளரின் ஒவ்வொரு கட்டளையும் சுடப்படுவர் என்றே முடியும். தடித்த கம்பளிச் சப்பாத்தை ஒப்படையாவிடின் மரணம். ஊரடங்கு வேளையில் வெளிச்சென்றால் மரணம். மிகையான உணவை மறைத்தால் மரணம். புறா வளர்த்தால் மரணம். சிறுவன் தான் மீறிய கட்டளைகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறான். யூத நண்பனைக் காட்டிக்கொடாதது ஒன்று. தப்பிவந்த கைதிக்கு இடங்கொடுத்தது ஒன்று. களவெடுத்த பீற்கிழங்கு ஒன்று. கணக்கு நீண்டுகொண்டே போகிறது. அவன் வீரனுமல்லன், இரகசிய இயக்கத்தவனுமல்லன்; எவர் கண்ணிலும் படாத தொப்பியணிந்த ஒரு சிறுவன். அக்கட்டளைகளின்படி அவன் உயிரோடிருக்க உரிமையற்றவன். கொலை என்பது வெறிகொண்டார் சிலரின் செயல் என நாம் எண்ணி ஆறுதல் கொள்வதுண்டு. அந்த ஆறுதலை இக்கணக்கு பறித்துவிடுகிறது. அலுவலகத்தில் அமர்ந்து எழுதிய தாள்களே ஒரு நகரத்து மக்கள் யாவரையும் மரணத்துக்குக் கடன்பட்டவராக்கின; எவரிடம் கடனை அறவிடுவது, எப்பொழுது அறவிடுவது என்பது மட்டுமே எஞ்சியிருந்தது.

நூலின் சிகரம் தீனா புரொனிச்சேவாவின் கதை கூறும் அதிகாரமே. இவர் கீவ் பொம்மலாட்ட அரங்கின் நடிகை. ருசியரை மணந்த யூதப் பெண். பெற்றோரைப் புகையிரதத்தில் ஏற்றிவிட்டு மீளலாம் என்றெண்ணி உடன்சென்றவர். கூட்டத்தோடு நகர்ந்து, மீளமுடியாத எல்லையைக் கடந்த பின்னரே உண்மையை உணர்கிறார். தமது அடையாளப் பத்திரத்தைக் கிழித்தெறிந்து, தாம் யூதரல்லர், தவறுதலாக அகப்பட்டவர் என்கிறார். அவ்வாறு கூறிய சிலரோடு ஒரு மேட்டில் இருத்தப்படுகிறார். இருபுறமும் நின்று தடிகளால் அடிக்கும் படையினரின் நடுவே மக்கள் ஓட்டப்படுவதையும், உடை களையப்படுவதையும், சிறு சிறு கூட்டமாக மணற்சுவரின் இடைவெளியூடே கொண்டுசெல்லப்படுவதையும் மாலைவரை அங்கிருந்து காண்கிறார். கண்டவர் எவரும் திரும்பலாகாது என அதிகாரி ஒருவன் கட்டளையிட, அவர்களும் ஓடுக்கமான திட்டொன்றின்மேல் நிறுத்தப்படுகின்றனர். குண்டு படுமுன்னரே புரொனிச்சேவா கீழே குதிக்கிறார். பிணங்களின்மேல் விழுந்து பிணம்போற் கிடக்கிறார். மேலே மண் கொட்டப்படுகிறது. மூச்சு முட்டும் நிலையில் இருளிலே மண்ணை விலக்கி ஏறி வெளிவருகிறார். அவரோடு உயிர்தப்பி வந்த சிறுவன் ஒருவன் பின்னர் அவர் கண்முன்னே சுடப்படுகிறான்.

இவ்வதிகாரத்தில் ஆசிரியர் தம்மை முற்றாக மறைத்துக்கொள்கிறார். புரொனிச்சேவா நேரிற் சொல்லக் கேட்டதை அவர் சொன்ன ஒழுங்கிலேயே எழுதியதாகக் கூறுவர். உவமை இல்லை, வியப்பு இல்லை, சினமும் இல்லை. கை எங்கே மிதிபட்டது, மண் எவ்வழி வாயினுட் புகுந்தது, எத்திசையில் வெளிச்சம் தெரிந்தது என்பனவே சொல்லப்படுகின்றன. 1946ஆம் ஆண்டு சனவரியிற் கீவ் நகரில் நடந்த போர்க்குற்ற விசாரணையிலும் அவர் சாட்சியளித்தார். வெவ்வேறு காலங்களில் அவர் கூறியவற்றை ஒப்புநோக்கிய வரலாற்றாசிரியரும் உளர். நீதிமன்றச் சாட்சியம் வினாவுக்கு விடையாக வருவது, ஆதலின் துண்டுபட்டது. குஸ்நெத்சோவ் செய்ததெல்லாம் வினாக்களை நீக்கியதே. அவ்வளவில், கேட்போர் இருக்கையிலிருந்த நாம் மேட்டின்மேல் அவரோடு அமர்ந்து மாலைவரை காத்திருக்க வேண்டியவராகிறோம். அவலச்சுவை என நம் மாணவர் தேர்வுத்தாளில் எழுதும் சொல் இங்கே செல்லாது. சுவை என்னும் பாதி பொருந்தாது.

எஞ்சிய ஈராண்டுகளின் கதையைச் சுருங்கச் சொல்லி அமையலாம். தார்னித்சாக் கைதிமுகாமின் பட்டினி, நகருக்கு உணவு வாராமற் செய்த தடையால் வந்த பஞ்சம், கிழக்குதிரைகளைக் கொன்று இறைச்சிப்பண்டம் செய்பவனிடம் சிறுவன் வேலை பார்த்தது, ஜேர்மனிக்கு வேலையாட்களாக இளையோர் பிடிபட்டது ஆகியன வரிசையாக வருகின்றன. 1943ஆம் ஆண்டு ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில், தோற்கப்போவதை உணர்ந்த ஜேர்மானியர் சீரெத்ஸ் முகாமின் கைதிகளுக்கு விலங்கிட்டுப் பள்ளத்துப் பிணங்களைத் தோண்டியெடுத்து எரிக்கச் செய்தனர். எரிக்கும் அடுக்குகளுக்கு அடித்தளமாக அருகிலிருந்த யூதர் கல்லறையின் கற்கள் பயன்பட்டன. அவ்வேலைக்கும் தலைமை தாங்கியவன் அதே புளோபெல். செப்டெம்பர் 29ஆந் திகதி இரவு, முதற் கொலை நடந்து ஈராண்டு நிறைந்த அன்று, அக்கைதிகள் முகாமை உடைத்துக்கொண்டு ஓடினர். பிழைத்தோர் ஒரு சிலரே. அவர்களுள் ஒருவரின் வாய்மொழியை ஆசிரியர் பெற்றுப் பதிவு செய்துள்ளார்.

இனி நூலுக்கு நேர்ந்த கதியை நோக்குவாம். அது 1966ஆம் ஆண்டு மொஸ்கோவிலிருந்து வெளிவந்த ‘யூனொஸ்த்’ என்னும் சஞ்சிகையிலே தொடராக வந்தது. 1967இல் நூலுருப் பெற்றது. அதே ஆண்டில் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. ஆனால் அது ஆசிரியர் எழுதிய நூல் அன்று. பெரும் பகுதிகள் வெட்டப்பட்டிருந்தன. வெட்டுக்களைக் கண்டு தாம் ஏட்டைப் பறித்துக்கொண்டு வெளியேறித் தெருவிலே கிழித்தெறிந்ததாகவும், ஆசிரியபீடத்தாரிடம் மற்றொரு படி இருந்தமையால் அது அச்சேறியதாகவும் அவரே கூறுகிறார். முழு ஏட்டைக் கண்ணாடிப் போத்தல்களில் இட்டு மண்ணிற் புதைத்துவைத்தார். 1969இல் லெனினின் இலண்டன் வாழ்க்கையை ஆராய்வதாகக் காரணங்காட்டி இலண்டன் சென்றவர் திரும்பவில்லை. ஏட்டின் படச்சுருள்கள் அவருடைய மேலங்கியின் உட்புறத்தில் தைக்கப்பட்டிருந்தன. 1970இல் முழு நூல் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் ஏ. அனத்தோலி என்றிருந்தது, பழைய பெயரில் வந்தவற்றை அவர் கைவிட்டார். டேவிட் ஃபுளொய்டின் ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாகவே நாம் அதனைக் கற்கிறோம்.

இம்முழுப்பதிப்பிலே மூவகை எழுத்து உண்டு. 1966இல் வெளிவந்த பகுதி சாதாரண எழுத்தில் உள்ளது. தணிக்கையாளர் நீக்கிய பகுதி தடித்த எழுத்தில் உள்ளது. 1967க்குப் பின் ஆசிரியர் புதிதாகச் சேர்த்தவை பகர அடைப்புக்குள் உள்ளன. வாசிப்போர் கண் ஒரே பக்கத்தில் மூன்று காலங்களைக் கடந்து செல்லவேண்டியிருக்கிறது. இது வாசிப்புக்கு இடையூறு என்றும், அடையாளங்களை நீக்கிச் சீராக அச்சிடுதலே நன்றென்றும் கூறுவாருளர். நாம் அதனை ஏற்கவில்லை. தடித்த எழுத்தில் வருவன யாவை எனப் பாருங்கள். கிரெஷ்சாத்திக்கை வெடிவைத்துத் தகர்த்தவர் யார் என்பது. பாட்டனாரின் சோவியத் எதிர்ப்புப் பேச்சு. முப்பதுகளில் உக்ரேனை வாட்டிய பஞ்சம். ஜேர்மானியர் வருமுன்னரே அச்சத்தால் வீடுகளில் நூல்கள் எரிக்கப்பட்டமை. இவற்றை நீக்கினால் எஞ்சுவது பொய் என்று கூற முடியாது. ஒவ்வொரு வாக்கியமும் மெய்யே. ஆயினும் கொலைஞர் மட்டும் தீயவராகவும், மற்றையோர் யாவரும் களங்கமற்றோராகவும் ஆகிவிடும் ஒரு நகரம் அங்கே தோன்றுகிறது. அத்தகைய நகரம் உலகில் இல்லை. மெய்யான வாக்கியங்களைக் கொண்டே பொய்யான நகரைக் கட்டலாம் என்பதை அச்செழுத்தின் பருமனைக் கொண்டே காட்டிய வேறொரு நூலை நாம் அறியோம்.

தணிக்கையாளர் செய்தது புதிதன்று. பாபி யார் பற்றிய சோவியத் விசாரணைக்குழுவின் அறிக்கை 1944இல் வெளியானபோது, முதல் வரைவில் யூதர் என்றிருந்த இடத்திற் சோவியத் குடிமக்கள் என மாற்றப்பட்டது. பள்ளத்தருகே 1976இல் எழுந்த நினைவுச்சின்னத்தின் வாசகமும் அவ்வாறே. இறந்தோர் சோவியத் குடிமக்கள் என்பது பொய்யா எனக் கேட்கலாம். பொய்யன்று. ஆயின் அவர்கள் சோவியத் குடிமக்களாயிருந்தமையாற் சுவரொட்டி அழைத்ததில்லை. எப்பெயரால் அழைத்துக் கொன்றனரோ அப்பெயரை இறந்தபின் நீக்குதல் எவ்வகை மரியாதை? ‘யூனொஸ்த்’ வெளியிட்ட குறைப்பட்ட வடிவம் அப்பெயரை மறையாது கூறிற்று என்பதை நேர்மையாகச் சொல்லுதல் வேண்டும். அக்காரணத்தாலேயே அச்சிதைந்த நூலும் அந்நாட்டிற் பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று.

பகர அடைப்புக்குள் உள்ளவை பற்றி நம் கருத்து வேறு. அவை பெரும்பாலும் முப்பத்தெட்டு, நாற்பது வயதுக்காரர் ஒருவரின் சினம். இரு ஆட்சிகளும் ஒன்றே என அவர் திரும்பத் திரும்ப முழங்குகிறார். வாசகரை நேரே விளித்து எச்சரிக்கிறார். சொல்லும் கருத்தை வாதிக்கலாம். ஆனால் வெங்காயக் கோவையைக் கண்ட சிறுவனின் கண் இங்கே மூடிவிடுகிறது. கம்பளிச் சப்பாத்துக் கணக்கில் ஒரு பக்கத்தில் உணர்த்தியதை ஈண்டு ஐந்து பக்கத்தில் உரைக்கிறார். ஆசிரியரின் குரல் எனத் தலைப்பிட்ட பகுதிகளும் இக்குற்றத்துக்கு விலக்கல்ல. தணிக்கையாளர் வெட்டியவை நூலுக்கு உயிர். தாமே பின்னர் ஒட்டியவை நூலுக்குச் சுமை. இந்நிலையை ஆராயும் வாய்ப்பையும் அதே மூவகை எழுத்தே நமக்குத் தருகிறது என்பதை மறத்தலாகாது. தம் குறைகளையும் அடையாளமிட்டு வாசகர் முன் வைத்த ஆசிரியர் அரியர்.

இவ்விடத்து ஒரு தடை எழும். நாட்டைவிட்டு வெளியேற அனுமதி பெறும்பொருட்டு, சக எழுத்தாளர் சிலரைப் பற்றி இரகசியப் பொலிசாருக்குப் பொய்யறிக்கை எழுதிக் கொடுத்ததாகக் குஸ்நெத்சோவ் 1969இல் தாமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பொய்த்தாள் எழுதிய கையை ஆவணம் எழுதும்போது மட்டும் நம்புவதெப்படி? இதற்குக் காலநிலையைக் காட்டி மன்னிப்புக் கோருவாருளர், அது விடையாகாது. அவ்வறிக்கையாற் பிறருக்கு இடர் நேர்ந்திருக்கக் கூடும். நாம் கூறத்தக்கது இவ்வளவே: நூலின் மெய்ம்மை அவர் ஒருவரின் நாணயத்தில் மட்டும் தங்கவில்லை. அறிவித்தலின் தாள் இன்றும் உளது. பேர்லின் அறிக்கை உளது. புரொனிச்சேவாவின் நீதிமன்றச் சாட்சியம் உளது. அவர் சொன்னவற்றுட் பலவற்றை அவரை நம்பாமலே சரிபார்க்க இயலும். நாவலாசிரியன் தன்னை நம்புமாறு வேண்டுபவன். ஆவணமெழுதுபவன் தன்னைச் சரிபார்க்க இடங்கொடுப்பவன். குஸ்நெத்சோவ் சரிபார்க்க இடங்கொடுத்த இடங்களிலெல்லாம் அவர் நூல் வலிமை பெறுகிறது. லாவ்ரா மடத்துப் பேராலயத்தை 1941 நவெம்பரில் தகர்த்தவர் யார் என்பது போன்று அவர் உறுதியாகக் கூறிய சில விடயங்களில் அறிஞரிடையே இன்றும் கருத்தொருமை இல்லை என்பதையும் மாணவர் அறிதல் நன்று.

இதே பொருளில் யெவ்கேனி யெவ்துஷென்கோ பாடிய கவிதை நூலினும் முந்தியது. உலகெங்கும் பெயர் பெற்றது. 1961இல் அவரைப் பள்ளத்துக்கு அழைத்துச்சென்று காட்டியவர் குஸ்நெத்சோவே. ஷொஸ்தகோவிச் அதனைத் தமது பதின்மூன்றாம் சிம்பொனியில் இசையமைக்க, 1962 டிசெம்பரில் அது மொஸ்கோவில் அரங்கேறிற்று. கவிதையின் துணிவைப் போற்றுவோம். எனினும் கவிஞர் தம்மையே இறந்தோராகப் பாவித்துப் பேசும் அப்பாங்கு மேடைக்கு உரியது. உரைநடையாளரோ தாம் இறந்தோர் அல்லர் என்பதை ஒருகணமும் மறவார். தாம் தெருவோரத்தில் நின்று பார்த்தவர் மட்டுமே என்பதை மறைக்காமற் சொல்வார். நமக்கு இதுவே உவப்பு.

இறுதி அதிகாரம் போருக்குப் பிற்பட்ட காலத்தைக் கூறுவது. பள்ளத்தை இல்லாதொழிக்கும் எண்ணத்தோடு, அணைகட்டி, செங்கற்சூளைகளின் சேற்றுநீரை ஆண்டுக்கணக்காக அதனுட் பாய்ச்சினர். 1961ஆம் ஆண்டு மார்ச் 13ஆந் திகதி காலை அணை உடைந்து சேறு குரெனிவ்காவின்மேற் பாய்ந்தது. அரசாங்கம் கூறிய தொகையின்படி 145 பேர் மாண்டனர். உண்மைத் தொகை அதனினும் மிகப் பெரிதென்பர். கொலையைக் கண்ட அயலவரின் வீடுகளையே கொலையை மறைக்கப் பாய்ச்சிய சேறு மூடிற்று. நாவலாசிரியன் ஒருவன் இதனைக் கற்பித்திருந்தால் மிகைபடக் கூறல் என நாமே குற்றங்கூறியிருப்போம். யூதரை நினைவுகூரும் சின்னம் 1991இலேயே அங்கு நிறுவப்பட்டது. 2009இல் குரெனிவ்காத் தெருவோரத்திற் குஸ்நெத்சோவுக்கும் ஒரு சிலை எழுந்தது: சுவரிலுள்ள அறிவித்தலை வாசித்து நிற்கும் சிறுவனின் உரு. 2022 மார்ச் முதலாந் திகதி, ருசியப் படையெடுப்பின்போது, அப்பள்ளத்தருகேயுள்ள தொலைக்காட்சிக் கோபுரத்தைக் குறிவைத்த தாக்குதலில் வழியிற் சென்ற குடிமக்கள் மீண்டும் அங்கு மாண்டனர்.

நூலை நாடும் மாணவர்க்கு ஒரு சொல். 1967ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்பே பழைய நூலகங்களில் அகப்படக் கூடும். அது வெட்டுண்ட வடிவத்தின் மொழிபெயர்ப்பு. தலைப்பும் ஒன்றே, கதைமாந்தரும் ஒருவரே, ஒன்றிரண்டு பக்கங்களைப் புரட்டி வேறுபாடு காணல் அரிது. பக்கத்திலே தடித்த எழுத்தும் பகர அடைப்பும் கலந்து வருகின்றனவா என்று நோக்குக. வாராவிடின் அதனை முதலில் வாசித்து வைத்து, பின்னர் முழுப்பதிப்பைத் தேடிப் பெற்று, தடித்த எழுத்துக்களை மட்டும் தனியே ஒருமுறை வாசித்துப் பார்த்தலும் பயனுடைய பயிற்சியாகும்.